மார்லீஸ் கழுத்துல விழாத நாய்

மார்லீஸோட புருஷன் எவால்ட், மார்ச் மாசம் ஒரு செவ்வாக்கிழம மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டு, ஏரிக்கரையில நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குக் குடி போயிட்டான். தட்டைக் கழுவினப்பவே அவளுக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல அவன் ஒரு ஸ்பூனைக்கூட கழுவினதில்ல.

சண்டையும் இல்ல, இன்னொரு பொம்பளையும் இல்ல. அப்படி ஒருத்தி இருந்திருந்தா அவளுக்காக மார்லீஸ் ரெண்டு நிமிஷம் பரிதாபப்பட்டிருப்பா, அவ்வளவுதான். "எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்"னு மட்டும் சொன்னான். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமா வீட்டுலதான் இருந்தான். வீட்டுல சும்மா இருக்கிற ஆளைப் பார்த்தா மார்லீஸுக்குக் கை அரிக்கும். கீழ் அறையிலேருந்து உருளக்கிழங்கு எடுத்துட்டு வா, ஜன்னலைத் துடை, அந்த ஏணிய இங்க வை, ஏன் இங்க வச்சேன்னு நாள் பூரா வேல சொல்லிக்கிட்டே இருப்பா. அவன் போறப்ப தூண்டிலு, ரேடியோ, காப்பி மிஷின் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான். அதோட அடுப்புக்கு மேல தொங்கிட்டிருந்த இரும்பு வாணலியையும் எடுத்துக்கிட்டான். இருவது வருஷமா எண்ணெய் காட்டிக் காட்டிப் பழக்கின வாணலி அது, முட்டை ஊத்தினா வழுக்கிக்கிட்டு ஓடும். புருஷன் கதவைச் சாத்திட்டுப் போனப்ப மார்லீஸ் அழல. மறுநாள் காலைல ஆணி மட்டும் சுவத்துல நிக்கிறதைப் பார்த்ததும்தான் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா.

உக்காந்தவ முதல்ல நெனச்சது எவால்டைப் பத்தி இல்ல. கெர்லிண்டேயப் பத்தி.

அந்த ஜெர்மன் ஊருல திங்கக்கிழம சாயங்காலம் ஆனா சர்ச்சுக்கு எதிர்ல இருக்கிற ஓட்டலோட கீழ்த்தளத்துல, மார்லீஸையும் சேர்த்து எட்டு பொம்பளைங்க சங்கமாக் கூடுவாங்க. நீளமான மரப் பலகையில பந்தை உருட்டி, அந்தக் கடைசியில நிக்கிற ஒம்பது கட்டையையும் சாய்க்கணும். அதான் வெளையாட்டு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு வாரம் தவறினதில்ல. பிள்ளை பெத்து மூணாவது வாரமே வந்து உருட்டினவங்க இருக்காங்க. பந்து கட்டையத் தொடாம ஓரத்துப் பள்ளத்துல ஓடிப்போச்சுன்னா, "சடைநாய்!"னுதான் கத்துவாங்க. அந்தப் பக்கத்து வழக்கம் அது. அதனால அழுக்கு வெள்ளையில ஒரு பொம்மை சடைநாய் கயித்தோட சங்கத்துல உண்டு. பள்ளத்துல விட்டவ கழுத்துல அது ஏறும், அடுத்தவ விடுற வரைக்கும் எறங்காது. நாயை மாட்டிக்கிட்டே பீர் குடிக்கணும், நாயை மாட்டிக்கிட்டே பாத்ரூமுக்கும் போகணும்.

கெர்லிண்டேயும் அந்தச் சங்கத்துலதான் இருந்தா. அவ புருஷன் பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்த பொண்ணோட போயிட்டான். சங்கம் ஒண்ணா நின்னுச்சு. முறை போட்டு சூப்பு கொண்டுபோய்க் குடுத்தாங்க. யாருக்கு எந்தக் கிழமைன்னு முறை போட்டது வேற யாரும் இல்ல, மார்லீஸ்தான். கெர்லிண்டே உள்ள வந்தா பேச்சு நிக்கும், எல்லா தலையும் ஒரு பக்கமா சாயும். அவ பந்து பள்ளத்துல போனா யாரும் சிரிக்க மாட்டாங்க. நாயை எடுத்து மாட்டவும் மாட்டாங்க. "விடுங்க பாவம், அவ படுற பாட்டுக்கு இது வேறயா"ன்னு ஒருத்திக்கு ஒருத்தி கண்ணைக் காட்டிக்குவாங்க. நாலு மாசம் அந்த அன்பைத் தாங்கிக்கிட்டு கெர்லிண்டே பக்கத்து ஊரு பாட்டுக் குழுவுல போய்ச் சேர்ந்துட்டா. இப்ப அவளுக்குப் பதிலா டோரிஸ் உருட்டுறா.

அதனால மார்லீஸுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கவலை. எவால்ட் போனா போகட்டும். திங்கக்கிழம போயிடக் கூடாது. யாரும் தன்னைப் பார்த்துத் தலையச் சாய்க்கக் கூடாது.

விஷயத்தை மறைச்சா. அவன் விட்டுட்டுப்போன மூணு பழைய சட்டைய வாராவாரம் துவைச்சு, தெருவுல போறவங்க கண்ணுல படுற மாதிரி கொடியில காயப்போட்டா. சனிக்கிழமை அவனோட தொப்பியையும் சட்டையையும் போட்டுக்கிட்டு, இருட்டுற நேரமாப் பார்த்து முன்வாசல் புல்லை வெட்டினா. "எவால்ட் எங்க, கண்ணுலயே காணோமே"ன்னு யாராவது கேட்டா "மீன் பிடிக்கப் போயிருக்கான்"னா. பொய்யும் இல்ல, அவன் மீன்தான் பிடிச்சிட்டிருந்தான்.

மே மாசம் வந்துச்சு. வருஷா வருஷம் மே மாசம் சங்கம் மயோர்க்கா தீவுக்குப் போகும். ஒரே விமானம், ஒரே ஓட்டல், ஒரே கடற்கரை, எட்டு பேருக்கும் ஒரே மாதிரி ரோஸ் கலர் பனியன். அந்தத் தீவுல மலை இருக்கு, பழைய கோயில் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்காங்க, போனதில்ல. நாயும் கூட வரும். அங்க பந்து கிடையாதுங்கறதால நாய்க்கு வேற சட்டம். ஊருக்குத் திரும்புற வரைக்கும் புருஷனைப் பத்தி எவ பேசினாலும் அவ கழுத்துல நாய். பேரைச் சொன்னாலும் தப்பு, "எங்க வீட்டு ஆளு"ன்னாலும் தப்பு. ஒரு வாரமாவது அவனுங்க இல்லாம இருக்கணும்னு சங்கத் தலைவி இர்ம்கார்டு கொண்டுவந்த சட்டம் அது. போட்ட நாள்லேருந்து ஒரு மணி நேரம்கூட யாரும் அதைக் காப்பாத்தினதில்ல. எல்லாரையும் விட அதிகமா மாட்டினது மார்லீஸ். போன வருஷம் விமானம் ஏறுறதுக்குள்ளயே எவால்ட் பெட்டியை எப்படி அடுக்கினான்னு ஆரம்பிச்சு, ஊரு திரும்புற வரைக்கும் நாயைக் கழட்டல. கழுத்துல வெயில் படாம நாய் அளவுக்கு வெள்ளையா ஒரு தடம் விழுந்துச்சு.

இந்தத் தடவை வாயைத் தொறக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு ஏறினா. அவனைப் பத்தி ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு அவளுக்கே தெரியாது.

வழக்கமா மார்லீஸும் ரோஸ்விதாவும் ஒரே அறை. ரோஸ்விதா இறைச்சிக் கடைக்காரன் பொண்டாட்டி, தூங்கினா மரம் அறுக்கிற மாதிரி இருக்கும், முழிச்சிருந்தா அதை விட மோசம். தனி அறை ஒண்ணே ஒண்ணு வரும், கடல் பார்த்த மாதிரி. அதுக்குச் சீட்டு குலுக்குவாங்க. ஓட்டல் வாசல்லயே இர்ம்கார்டு தொப்பியில சீட்டு போட்டு, தானே ஒண்ணை எடுத்து, பிரிச்சும் பிரிக்காமலும் "மார்லீஸ்"னா.

"காட்டு பார்ப்போம்"னா டோரிஸ். நகராட்சி ஆபீஸ்ல குப்பை கொட்டினவ, எதையும் கண்ணால பார்க்காம நம்ப மாட்டா.

"என்னத்தைக் காட்டுறது? மார்லீஸ்னா மார்லீஸ்தான்"னு சீட்டை வாயில போட்டுக்காத குறையா பைக்குள்ள திணிச்சா இர்ம்கார்டு.

தனக்கும் அதிர்ஷ்டம் வருதேன்னு மார்லீஸ் சந்தோஷமா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனா. மறுநாள் நீச்சல் குளத்துக்கிட்ட நல்ல நிழல்ல இருந்த சாய்வு நாற்காலியில அவளோட துண்டு விரிஞ்சிருந்துச்சு. விடியக்காலையில எழுந்து துண்டு போட்டு இடம் பிடிக்கிறது இர்ம்கார்டோட வேலை. நிழல் எப்பவும் இர்ம்கார்டுக்குத்தான். இதையும் மார்லீஸ் அதிர்ஷ்டக் கணக்குலயே சேர்த்துட்டா.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. யாரும் புருஷனைப் பத்திப் பேசல. எட்டு பொம்பளைங்க வரிசையாப் படுத்துக்கிட்டு, முள்ளங்கி மாதிரி வெளுத்த காலை வெயில்ல காட்டிக்கிட்டு, முட்டிவலியைப் பத்திப் பேசினாங்க. முட்டி முடிஞ்சதும் இடுப்பு. இடுப்பு முடிஞ்சதும் ஓட்டல்ல போடுற ரொட்டி. அப்புறம் பேச ஒண்ணும் இல்ல. கடலைப் பார்த்தாங்க. ரோஸ்விதா ரெண்டு தடவை புருஷன் பேரை "எங்க நோர்..."னு ஆரம்பிச்சு, இர்ம்கார்டு பார்த்த பார்வையில இருமிட்டா. நாய் யாரு கழுத்துலயும் ஏறாம பீச் பைமேல உக்காந்திருந்துச்சு, அதுவும் நம்மள மாதிரியே ஓய்வுல வந்திருக்குன்னு டோரிஸ் சொன்னா. யாருக்கும் சிரிப்பு வரல.

மார்லீஸ் பயந்துட்டா. தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதாலதான் இவங்களுக்கும் ஊமை பிடிச்சிடுச்சுன்னு நெனச்சா. எப்பவும் பேச்சை ஆரம்பிச்சு வைக்கிறவ அவதானே. இப்படியே போனா எவளுக்காவது சந்தேகம் வந்துடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்பவும் போற கடையிலதான் அது இன்னும் கெட்டுப்போச்சு. அங்க தோமேவுன்னு ஒரு சர்வர். தீவுக்காரன், நல்லா ஜெர்மன் பேசுவான், பல வருஷமா இவங்களுக்குப் பரிமாறுறான். எட்டு பேரோட புருஷனையும் அவன் பார்த்ததே இல்ல, ஆனா யாருக்கு என்ன வியாதி, யாரு குளிக்காம படுப்பான், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மெனுவை நீட்டிக்கிட்டே கேட்டான், "என்ன மார்லீஸ் அம்மா, நாயைக் காணோம்? எவால்ட் சார் திருந்திட்டாரா?"

இர்ம்கார்டு மெனுவைப் பிடுங்கினா.

"எனக்கு சூப்பு"ன்னா இர்ம்கார்டு, கொஞ்சம் அதிகமா சத்தம் போட்டு. "எல்லாருக்கும் சூப்பு. சீக்கிரம்."

"இந்த வெயில்ல சூப்பா?"

"சூப்புன்னா சூப்புதான், போய்க் கொண்டு வா."

ரோஸ்விதா தண்ணியைக் குடிச்சா, ஜன்னலைப் பார்த்தா, "என்ன அழகான ஜன்னல்"னா. மார்லீஸ் தலையக் குனிஞ்சு ரொட்டியப் பிச்சுக்கிட்டு இருந்தா. தெரிஞ்சிடுச்சோ? இல்ல, இன்னும் இல்ல, ஆனா மோப்பம் பிடிச்சிட்டாங்க, நாளைக்கே இதைச் சரி பண்ணணும்னு நெனச்சா. எப்பவும் போல எவால்டைக் கரிச்சுக் கொட்டணும். நாய் தன் கழுத்துக்கு வந்துடுச்சுன்னா எல்லாம் பழைய மாதிரி ஆயிடும்.

மறுநாள் மத்தியானம் அதே கடை. வெளியில பந்தலுக்குக் கீழ உக்காந்திருந்தாங்க. வறுத்த மீன் வந்துச்சு. மார்லீஸ் தொண்டையைச் செருமிக்கிட்டா.

"இந்த மீனைப் பார்த்ததும் எவால்ட் ஞாபகம்தான் வருது"ன்னா. "நேத்துகூட போன்ல சொல்றான், வீட்டுல ஒரே மீன் நாத்தமாம். ஜன்னலைத் தொறடான்னா எந்த ஜன்னல்ங்கறான்."

சொல்லிட்டு கழுத்தைக் கொஞ்சம் முன்னாடி நீட்டினா. யாரும் அசையல. நாய் இர்ம்கார்டு பக்கத்து நாற்காலியில இருந்துச்சு.

கேக்கலையோன்னு நெனச்சு இன்னொண்ணு சொன்னா. "எங்க வீட்டு ஆளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. கெளம்புற அன்னைக்குக்கூட ஷூவோட சோபாவுல படுத்திருக்கான்."

ரோஸ்விதா டோரிஸைப் பார்த்தா. டோரிஸ் மீனைப் பார்த்தா. மீனுக்குத்தான் பார்க்க வேற ஆளு இல்ல.

"என் புருஷன்"னா மார்லீஸ், ஒவ்வொரு எழுத்தா. "என். புருஷன். எவால்ட்."

அப்ப இர்ம்கார்டு அவ கைமேல கையை வச்சா. தலையை ஒரு பக்கமா சாய்ச்சா. "விடு மார்லீஸ்"னா, மெதுவா. "சாப்பிடு."

சாய்ஞ்ச தலையப் பார்த்ததும் மார்லீஸ் கையை உருவிக்கிட்டா.

"எப்பலேருந்து?"ன்னா.

"எது எப்பலேருந்து?"

"நடிக்காத இர்ம்கார்டு. எப்பலேருந்து தெரியும்?"

ரோஸ்விதாவால ஒரு விஷயத்தை அடக்க முடிஞ்சது அவ்வளவுதான், வெடிச்சிட்டா. "ஏண்டி, ஏப்ரல்லயே தெரியும்டி. கொடியில வாரா வாரம் அதே மூணு சட்டை. ஒரு பேன்ட் இல்ல, ஒரு சாக்ஸ் இல்ல, ஒரு ஜட்டி இல்ல. மனுஷன் என்ன இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே போடாமலா ரெண்டு மாசம் திரிவான்?"

"புல்லு வேற"ன்னா டோரிஸ். "ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி நேரா இருந்துச்சு. எவால்ட் வெட்டினா பசு மேஞ்ச மாதிரி இருக்கும்."

"இருட்டுல தொப்பி போட்டுக்கிட்டு நீ வெட்டுறதை நம்ம தெருவே திரைக்குப் பின்னாடி நின்னு பார்த்துச்சு"ன்னா ரோஸ்விதா. "ஒரு ஈ காக்கா மூச்சு விடல. நாங்களும் சொல்லலை. உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா? புருஷனைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு விமான நிலையத்துலயே சத்தியம் வாங்கிட்டா இர்ம்கார்டு. உன் மனசு புண்படுமாம். எனக்குத் தொண்டையெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"அந்த அறை?"

"உன் பேரை எட்டு சீட்டுலயும் எழுதினேன்"னா இர்ம்கார்டு, கொஞ்சம் பெருமையா. "நீ தனியா அழணும்னா அழட்டும்னுதான்."

"நான் அழல. ரோஸ்விதா சத்தம் இல்லாததால தூக்கம்தான் வரல."

"ஊருக்குப் போனதும் நாங்க இருக்கோம்"னா இர்ம்கார்டு. "எல்லாம் பேசி வச்சிருக்கோம். செவ்வாய் நான், புதன் ரோஸ்விதா."

"என்ன செவ்வாய்?"

"சூப்பு."

மார்லீஸ் எழுந்துட்டா. நாற்காலி பின்னால சாய்ஞ்சு விழுந்துச்சு. பக்கத்து மேசையில இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

"கெர்லிண்டேய சூப்பு ஊத்தித்தான் வெரட்டினோம்"னா. "அவ புருஷன் போனது ஒரு நாள். நாம நாலு மாசம் போட்டு வதைச்சோம். என்னையும் அதே மாதிரி அனுப்பப் பார்க்குறியா? எனக்குப் பாடத் தெரியாது, நான் எந்தக் குழுவுல போய்ச் சேருவேன்? மூணு தடவை புருஷன்னு சொன்னேன். சட்டம்னா சட்டம். அந்த நாயை எடுத்து மாட்டு."

"மாட்ட மாட்டேன்"னா இர்ம்கார்டு.

"மாட்டுடி."

"எனக்கு மனசு வரல. வேணும்னா ஓட்டுக்கு விடுறேன்."

அந்தச் சங்கத்துல எல்லாத்துக்கும் ஓட்டுதான். பனியன் ரோஸா ஊதாவான்னு ஓட்டு, கிறிஸ்துமஸுக்கு வாத்தா மீனான்னு ஓட்டு. இர்ம்கார்டு ஸ்பூனால கிளாஸைத் தட்டினா. கேரவனுக்குக் குடி போயிட்ட எவால்ட், சங்க விதிப்படி புருஷன் கணக்குல வருவானா மாட்டானான்னு கேள்விய வச்சா. புருஷன்னா மார்லீஸுக்கு நாய். புருஷன் இல்லன்னா நாய் இல்ல.

"பதிவு ஆபீஸ்ல பேரு இருக்கிற வரைக்கும் புருஷன்தான்"னா டோரிஸ். "கேரவன்ல இருந்தா என்ன, மரத்து மேல இருந்தா என்ன?"

"துணி துவைக்கிறாளா இல்லையா, அதான் கேள்வி"ன்னா ரோஸ்விதா.

"மூணு சட்டை துவைக்கிறேனே"ன்னா மார்லீஸ்.

"அது காட்சிக்கு வச்ச சட்டை. அழுக்குச் சட்டைதான் கணக்கு."

"சம்பந்தப்பட்டவ ஓட்டுப் போடக் கூடாது"ன்னா இர்ம்கார்டு.

"சந்தாவை மட்டும் சம்பந்தப்பட்டவகிட்ட வாங்குற இல்ல? நான் போடுவேன்."

தோமேவு காப்பித் தட்டோட வந்து நின்னவன், விஷயம் புரியாம, யாரோ தேர்தல்ல நிக்கிறாங்கன்னு நெனச்சு மரியாதையா ஓரமா ஒதுங்கினான். புருஷன்தான்னு கை தூக்கினது மூணு பேரு: மார்லீஸ், டோரிஸ், அப்புறம் எப்பவும் டோரிஸ் தூக்கினா தூக்குற ஒருத்தி. மத்த அஞ்சு பேரும் கண்ணு கலங்க, பாசத்தோட, இல்லன்னு தூக்கினாங்க.

"எவால்ட் புருஷன் இல்ல"ன்னா இர்ம்கார்டு. "தீர்மானம் நிறைவேறிச்சு. உனக்கு நாய் கிடையாது மார்லீஸ். உக்காரு."

மார்லீஸ் நாற்காலிய நிமித்தி உக்காந்தா. தோத்துட்டோம்னு இருந்துச்சு. அவங்க அன்பு ஜெயிச்சுடுச்சு, இனிமே திங்கக்கிழமை தோறும் இந்த அஞ்சு தலையும் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். காப்பியில சக்கரைய போட்டுக் கலக்கினா. கலக்கிக்கிட்டே இருந்தா. திடீர்னு ஸ்பூன் நின்னுச்சு.

"அப்ப நான் அவனைப் பத்தி எவ்வளவு வேணா பேசலாம்?"னா.

இர்ம்கார்டு டோரிஸைப் பார்த்தா.

"அவன்தான் புருஷன் இல்லயே. சட்டத்துல புருஷன்னுதான் இருக்கு."

"விதிப்படி..."ன்னு இழுத்தா இர்ம்கார்டு. டோரிஸ் முடிச்சு வச்சா, "விதிப்படி பேசலாம்."

மார்லீஸ் ஸ்பூனைக் கீழ வச்சுட்டு ஆரம்பிச்சா. ரெண்டு மாசமா உள்ள போட்டு அமுக்கி வச்சது. அமைதி வேணும்னு சொன்னவன் ரேடியோவை எடுத்துட்டுப் போனதைச் சொன்னா. ரிட்டயர் ஆன அன்னைக்கு நாற்காலியில உக்காந்தவன் எழுந்ததே குடி போறதுக்குத்தான்னா. வாணலிக்கு வந்தப்ப குரல் உடைஞ்சுச்சு. "அதுல அவனுக்கு முட்டைகூட போடத் தெரியாதுடி. சோப்புப் போட்டுக் கழுவியிருப்பான்"னா. மேசையில ஒருத்தி "ஐயையோ"ன்னா. புருஷன் போனதுக்கு யாரும் அவ்வளவு துடிக்கல.

கேட்டுட்டிருந்த ஏழு பேருக்கும் நாக்கு ஊறுச்சு. எவால்ட் நாற்காலியில உக்காந்த கதை வந்தப்ப எல்லார் வீட்டுலயும் ஒரு நாற்காலி இருந்துச்சு. முதல்ல விழுந்தது ரோஸ்விதா. "எங்க நோர்பெர்ட்டும் அதே மாதிரிதான், டிவி ஓடிட்டிருக்கும் போது..." முடிக்கிறதுக்குள்ள கழுத்துல நாய். அவ நாயை நிமிந்துகூடப் பார்க்கல. "மாட்டிக்கோங்க, எனக்கு இதைச் சொல்லியாகணும்"னு முழுசையும் சொல்லி முடிச்சா. அடுத்து டோரிஸ். அப்புறம் ஒவ்வொருத்தியா. சாயங்காலத்துக்குள்ள நாய் எல்லா கழுத்தையும் சுத்திடுச்சு. மார்லீஸ் கழுத்து மட்டும் காலியா இருந்துச்சு, இர்ம்கார்டு கழுத்தும். இர்ம்கார்டு தலைவி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

ரெண்டாவது நாளே முணுமுணுப்பு ஆரம்பிச்சிடுச்சு. "இவளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"ன்னா ரோஸ்விதா. "வாயைத் தொறந்தா நாங்க நாயைச் சுமக்கணும், இவ ராணி மாதிரி திட்டிக்கிட்டு இருப்பாளா? மறுபடியும் ஓட்டெடுங்க."

"தீர்மானத்தை மாத்தணும்னா ஜனவரி பொதுக்குழுவுலதான் முடியும்"னா இர்ம்கார்டு. குரல்ல வருத்தம் நெஜமாவே இருந்துச்சு.

"அந்த நிழல் நாற்காலியையும் குடு. உனக்கெதுக்கு?"ன்னு ரோஸ்விதா மார்லீஸோட துண்டை உருவி வெயில்ல போட்டா. மார்லீஸ் ஒரு சண்டை போட்டா. நல்ல சண்டை, இருபது நிமிஷம், ரெண்டு பேருக்கும் முகம் சிவந்துடுச்சு, பழைய கணக்கெல்லாம் வெளிய வந்துச்சு. கடைசியில வெயில்லதான் படுக்க வேண்டியதாப் போச்சு. தோளெல்லாம் தோலு உரிஞ்சுது. அந்த வாரத்துல அவ அவ்வளவு நிம்மதியா வேற எப்பவும் இருந்ததில்ல. யாரும் அவளைப் பார்த்துத் தலையச் சாய்க்கல. கறுவினாங்க.

ஊரு திரும்புற விமானத்துல மார்லீஸுக்குப் பக்கத்து சீட்டு இர்ம்கார்டு. நாயைப் பெட்டியில போட்டு ஏத்தியாச்சு. பின்னாடி ரோஸ்விதா தூங்கி மரம் அறுக்க ஆரம்பிச்சுட்டா. கீழ கடல் முடிஞ்சு மேகம் வந்துச்சு. இர்ம்கார்டு ரொம்ப நேரம் முன் சீட்டோட முதுகையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"செவ்வாய்க்கிழமை வர மாட்டேன்"னா.

"வராத."

"திங்கக்கிழமை வழக்கம் போல ஏழு மணிக்கு. லேட்டா வந்தா விட மாட்டேன்."

"தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும் இர்ம்கார்டு குரலைத் தாழ்த்திக்கிட்டா. "அந்த ஏரிக்கரையில இன்னொரு கேரவனுக்கு எடம் இருக்குமா?"

மார்லீஸ் திரும்பிப் பார்த்தா. இர்ம்கார்டு சிரிக்கல. கழுத்துல இருந்த சங்கிலிய விரல்ல சுத்திக்கிட்டு இருந்தா.

"உன் வீட்டு ஆளுக்கா? ஹூபர்ட்டுக்கா?"

"சும்மா கேட்டேன். யாருக்கும் இல்ல."

"எவால்டைக் கேட்டாத்தான் தெரியும்"னா மார்லீஸ். "அவனுக்குப் போன் போடணும்."

"அவசரம் இல்ல"ன்னா இர்ம்கார்டு. கொஞ்சம் கழிச்சு, "அடுத்த மாசத்துக்குள்ள தெரிஞ்சா நல்லது"ன்னா.